வெள்ளிக்கிழமை மதியம் வந்த வாசனை

ரிட்டயர் ஆனவர்கள்தான் இந்த மாதிரிப் பக்கங்களை எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அதுவரை பொறுமை இல்லை. ஏணியில் ஏறி இறங்கிய வருடங்கள் முடிந்து, இப்போது வேலூர் ஆபீசில் வரைபட மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சர்வீஸ் டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கம்மி. அதனால் அறிவுரை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த அவசரம்.

ஹீட்டரை எப்படித் தொங்கவிடுவது, கூரைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, எந்தச் சங்கிலி, எந்தக் குழாய் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இருந்ததை ஒன்று விடாமல் செய்தும், உண்மையைச் சொன்ன ஒரு மனிதனை நாங்கள் பொய்யனாக்கி வேலையை விட்டு அனுப்பவிருந்தோம். அந்த நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி, இன்றைக்கு ஏழெட்டு வருடம் இருக்கும். ஆம்பூரைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தோல் பாக்டரி. பெயர் வேண்டாம். ஐப்பசி மழையில் அந்தப் பக்கத்தில் தோல் காயவே காயாது. சாயம் பூசிய தோலைக் காலையில் தொங்கவிட்டால் மறுநாளும் பிசுபிசு என்றுதான் இருக்கும். அதற்காகத்தான் நம்மிடம் ஹீட்டர் வாங்கியிருந்தார்கள். கேஸில் எரியும் பீங்கான் பலகைகள். தீ நாக்கு வெளியே தெரியாது, பலகை மட்டும் பழுத்து ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அதன் சூடு காற்றில் வீணாகாமல் நேராகத் தோலில் இறங்கும். கன்வேயரில் தோல் வரிசையாகத் தொங்கிக்கொண்டு பலகைகளுக்கு நடுவில் போகும், மறுமுனையில் காய்ந்து வரும். அங்கே நீள மேசைகளில் பெண்கள் ஓரம் வெட்டி அடுக்குவார்கள். கேஸ் குழாய் அவர்கள் தலைக்கு மேலே, ஷெட்டின் முழு நீளத்துக்கும் ஓடும்.

அந்த லைனைப் பற்ற வைப்பவர் சேகர். முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டனை அமுக்கினால் பொறி வரும் அமைப்பு எப்போதோ கெட்டுப்போய்விட்டது. நீளக் கம்பி நுனியில் நெருப்பு வைத்து, ஒவ்வொரு பலகையாகக் காட்டி அவர்தான் பற்ற வைப்பார். நாங்கள் போனதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். கேஸ் வாசனை அடிக்கிறது, கம்பியை எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். பாக்டரி மெயின்டனன்ஸ் போர்மேன் பாஷா பாய் அவர் கையிலிருந்து கம்பியை வாங்கித் தானே பற்ற வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதுதான் சேகருக்கு வினையாக வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நானும் தயாளனும் போய் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. தயாளன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், என் தோஸ்த். இதற்கு முன் இரண்டு தடவை அந்த பாக்டரிக்கு வந்து கசிவு பார்த்துவிட்டுப் போனவனும் அவன்தான்.

மேனேஜர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. சேகர் கதவோரம் நின்றிருந்தார்.

"ரெண்டு தடவ உங்க ஆளு வந்து பாத்தாச்சு. ரெண்டு தடவையும் ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சு. நான் ஜும்மாவுக்குப் போய்ட்டு வந்தா இவருக்கு வாசன வந்துடுது. ஷெட்ல அத்தன பேர் இருக்காங்க. ஒருத்தருக்கும் வராத வாசன இவருக்கு மட்டும் எங்கேந்து வருது?"

"நான்தான் சார் நெருப்ப புடிச்சிகினு கிட்ட போறேன்" என்றார் சேகர்.

"பாஷா போகலயா? அவருக்கு இன்னா, வேற ஒடம்பா?" மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, எனக்கு வெளக்கம் வேணாம். லீக் இருக்கா, இல்லயா. ஒரே வார்த்த. இல்லன்னு சொன்னீங்கன்னா இவரு இன்னிக்கே கெளம்பட்டும். சும்மா சும்மா லைன நிறுத்தறவர வெச்சிகினு நான் மாரடிக்க முடியாது."

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். தயாளன் என் காதருகே, "பத்து நிமிஷ வேல மச்சான். சோப்பு அடிக்கிறோம், கெளம்புறோம். அப்டியே ஆற்காடு வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்றான். ஆற்காட்டில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான் அதில் அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். உலகம் பூராவும் இந்த நம்பிக்கையில்தான் கேஸ் ஓடுகிறது. ஆனால் தோல் பாக்டரியில், சுவருக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பிலும் சல்பைடிலும் பச்சைத் தோல் ஊறிக்கொண்டிருக்கிறது. அதை விட்டால் தின்னர், அதை விட்டால் சாயம். அங்கே வேலை செய்பவர்களின் மூக்கு முதல் மாதத்திலேயே கையைத் தூக்கிவிடும். ஆகவே அந்த ஷெட்டில் 'யாருக்கும் வாசனை வரவில்லை' என்பது எதற்கும் சாட்சி இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், சேகருக்கு வேலை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நானும் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஷெட்டில் லைன் ஓடிக்கொண்டிருந்தது. பலகைகள் நன்றாகவே பழுத்திருந்தன. மேசையில் ஓரம் வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எங்களைப் பார்த்ததும் கத்தரியை நிறுத்தினாள். பெயர் கஸ்தூரி. சேகர் மனைவியின் தங்கை என்று பிறகு தெரிந்தது.

"வாங்க சார், வாங்க. எங்க மாமா மூக்க டெஸ்ட் பண்ண வந்தீங்களா, பைப்ப டெஸ்ட் பண்ண வந்தீங்களா?"

மேசை முழுக்கச் சிரிப்பு. சேகரும் கொஞ்சம் சிரித்தார். நாங்கள் பக்கத்தில் வந்ததும், "சிரிக்குது சார். வூட்ல எங்கக்காகிட்ட போயி அழுவுது" என்றாள் அவள், குரலைத் தணித்து.

தயாளன் பையிலிருந்து சோப்புத் தண்ணீர் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துவிட்டான். நான் சும்மா நிற்க முடியாமல், வேறு வேலை இல்லாததால், சேகரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தினமும் அடிக்குதா?"

"தெனம் இல்ல சார். காலைல வந்து பத்த வெக்கும்போது கெடயாது. சாப்பாட்டுக்கு நிறுத்திட்டுத் திரும்ப வரும்போது லேசா. வெள்ளிக்கெழமன்னா ஜாஸ்தி."

"எங்க ஆள் வந்தப்ப காட்ட வேண்டியதுதானே?"

"அதான் சார் பேஜாரா இருக்குது." அவர் தயாளனைப் பார்க்காமல் சொன்னார். "இவுங்க வந்துட்டுப் போற அன்னிக்கு வர்றதில்ல. மறுநாளு வந்துடுது."

இதை அவர் தனக்கு எதிரான சாட்சியாகத்தான் சொன்னார். பொய் சொல்பவன் இப்படித் தன் கதையில் தானே ஓட்டை போட மாட்டான் என்று எனக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் இன்னொன்று தோன்றியது. நாங்கள் வந்துபோன நாளில் மட்டும் கசிவு இல்லை என்றால், நாங்கள் வந்து ஏதோ செய்கிறோம். என்ன செய்கிறோம்? எந்த நட்டையும் தயாளன் முறுக்கவில்லை. கேட்டேன், இல்லை என்றான். சோப்பு நுரையைத் தடவியது, குமிழி வருகிறதா என்று பார்த்தது, பிறகு மெயின் வால்வை மூடி, அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்குகிறதா என்று பார்த்தது. அவ்வளவுதான்.

தயாளன் ஏணியில் கால் வைத்துவிட்டான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இன்னாடா?"

"சோப்பு வேணாம்."

"சோப்பு இல்லாம எப்டிடா லீக் பாப்ப? மோந்து பாப்பியா?"

"அவரு எப்ப வாசன வருதுன்னு சொல்றாரோ அப்பப் பாப்போம். சாப்பாட்டு நேரம் வரைக்கும் எதையும் தொட வேணாம். ஒண்ணுத்தையும் ஈரமாக்க வேணாம்."

"மச்சான், நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன். என்ன நம்பலன்னா நேரா சொல்லு."

அவன் முகம் சுருங்கிவிட்டது. நண்பன் முகம் அப்படிச் சுருங்கும்போது பிடித்த பிடியில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று கையேட்டில் எழுத மாட்டார்கள். நான் அவனுக்குச் சரியான விளக்கம்கூடச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் என்னிடமே விளக்கம் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: புகார் எந்த நிலைமையில் வருகிறதோ அந்த நிலைமையில் இதுவரை யாரும் பார்க்கவில்லை. நாம் எப்போதும் காலையில்தான் வருகிறோம். குழாய் குளிர்ந்திருக்கும்போது, நம் வசதிக்கு.

மேனேஜரிடம் போய், மதியம் வரை காத்திருக்கப்போகிறோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இருக்கா இல்லயான்னு சொல்றதுக்கு நல்ல நேரம் பாக்கறீங்களா?"

"மதியம் சொல்றேன் சார்."

"ஜும்மா முடிஞ்சி வருவேன். அப்ப ஒரே வார்த்த சொல்லணும்."

காலை முழுவதும் நாங்கள் இருவரும் தோல் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். தயாளன் என்னோடு பேசவில்லை. பாஷா பாய் மட்டும் இரண்டு முறை டீ கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர், கைநேர்த்திக்காரர். அந்த பாக்டரியில் எந்த இயந்திரம் நின்றாலும் வெளியே ஆள் அனுப்பாமல் தானே சரிசெய்துவிடுவார் என்று பேர். "சேகரு பயந்தவன் தம்பி. தங்கமான ஆளு, ஆனா பயந்தவன். வேலைய மட்டும் போக்கிடாதீங்க. வேற செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லுங்க" என்று தனக்காக இல்லாமல் சேகருக்காகக் கெஞ்சினார்.

இடைவேளை மணி அடித்தது. "தெனமும் என்னா பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க" என்று சேகரிடம் சொன்னேன். அவர் ஒவ்வொரு பலகைக்கும் உள்ள சின்ன வால்வை மூடிக்கொண்டே போனார். பலகைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. காற்றை வெளியேற்றும் பெரிய மின்விசிறியை, கரண்ட் மிச்சம் என்று, நிறுத்தினார். பிறகு கை கழுவப் போனார்.

"மெயின் வால்வு?"

"அத சாயங்காலம்தான் சார் மூடுவோம். திரும்பப் பத்த வெக்கணும்ல."

ஆக, இடைவேளை முழுக்கத் தலைக்கு மேல் ஓடும் குழாயில் கேஸ் நின்றுகொண்டிருக்கும், விசிறி ஓடாது. மற்ற நாட்களில் இடைவேளை கொஞ்ச நேரம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வரும் வரை நீளும். 'வெள்ளிக்கிழமைன்னா ஜாஸ்தி' என்று அவர் சொன்னது என் மண்டைக்குள் போய் உட்கார்ந்தது.

பெண்கள் தூக்குப் பாத்திரங்களைத் திறந்து மேசையடியிலேயே வட்டமாக உட்கார ஆரம்பித்தார்கள். மழையென்றால் அங்கேதான் சாப்பாடு.

"எல்லாரும் கொஞ்சம் பேக்கிங் ரூமுக்குப் போயிடுங்கம்மா."

"இன்னா சார், சோத்த தொறந்தாச்சு. மழைல நனஞ்சிகினு போவணுமா? காலைலேந்து சும்மா குந்திகினு இருந்தீங்களே, அப்ப சொல்லக்கூடாது?" என்றாள் கஸ்தூரி.

"ஒங்க மாமா மூக்க டெஸ்ட் பண்ணணும். கூட்டம் ஆவாது."

அவள் சிரித்துவிட்டு எழுந்தாள். அவள் எழுந்ததால் மற்றவர்களும் எழுந்தார்கள். உண்மையில் கசிவு இருக்கும் என்று நான் அப்போதும் நம்பவில்லை. ஆனால் சந்தேகப்படுவது என்று ஆனபின் அரைகுறையாகச் சந்தேகப்படக் கூடாது. அவர்களைக் குழாய்க்கு அடியில் உட்கார வைத்துக்கொண்டு நான் எதைப் பார்ப்பது?

இரண்டு பக்கத்து ஷட்டரையும் ஏற்றிவிட்டு, மெயின் வால்வை மூடினேன். குழாயில் அடைபட்டிருக்கும் கேஸ் அப்படியே நிற்க வேண்டும். கேஜ் முள் நகரக் கூடாது.

முள் நகர்ந்தது.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். தயாளன் என் தோளுக்குப் பின்னாலிருந்து, "டேய்" என்றான், மெல்ல. முள் எந்த அவசரமும் இல்லாமல், கடிகாரத்தின் பெரிய முள் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது இன்னும் கீழே போயிருந்தது. இரண்டு தடவை இதே கேஜ் முன்னால் நின்று, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் தயாளன்.

"எதுலேந்து?" என்றான்.

இப்போது சோப்பு வேண்டும். மெயின் வால்வைச் சற்றுத் திறந்து குழாயில் மறுபடி அழுத்தம் ஏற்றிவிட்டு மூடினேன். அவன் ஏணியில் ஏறி, முதல் பலகையைக் குழாயோடு சேர்க்கும் யூனியன் இணைப்பில் நுரையைத் தடவினான். சூடு ஆறாத இரும்பில் அது சுர்ரென்றது. குமிழிகள் கிளம்பின. சந்தேகமே இல்லை, கொத்துக் கொத்தாக, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. சேகர் அதற்குள் கை கழுவிவிட்டு வந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்புவதில்லை.

குமிழிகள் சிறியதாகிக்கொண்டே வந்தன. தயாளன் இன்னும் கொஞ்சம் நுரையைத் தடவினான். இன்னும் சிறியதாயின. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு குமிழி, கடுகளவு, எட்டிப் பார்த்தது. அப்புறம் அதுவும் இல்லை. நுரை அப்படியே அசையாமல் இரும்பில் உட்கார்ந்திருந்தது. அந்த இணைப்பு எங்கள் கண் முன்னால், யாரும் கை வைக்காமல், தானே அடைத்துக்கொண்டுவிட்டது.

"மச்சான்" என்றான் தயாளன் ஏணியிலிருந்து. "நான் போன தடவ இதத்தான் பாத்தேன். இந்த அசையாத நுரைய."

மற்ற இணைப்புகளிலும் தடவிக்கொண்டே போனான். எல்லாவற்றிலும் அதே கதை. குமிழி கிளம்பும், சுருங்கும், நிற்கும். கடைசி இணைப்பும் அடங்கியபோது கீழே கேஜைப் பார்த்தேன். முள் கல்லாக நின்றுகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார். தொப்பியில் மழைத்துளி. பின்னால் பாஷா பாய்.

"சொல்லுங்க தம்பி. இருக்கா, இல்லயா?"

கேஜைப் பார்த்தார். முள் நிற்கிறது. இணைப்புகளைப் பார்த்தார். குமிழி இல்லை. "அப்ப இல்ல" என்று அவரே சொல்லிக்கொண்டு சேகர் பக்கம் திரும்பினார். அந்த ஒரு கணத்தில் என்னிடம் கையில் காட்ட எதுவும் இல்லை. கண்ணால் பார்த்ததைத் தவிர எல்லா ஆதாரமும் சேகருக்கு எதிராக நின்றது.

"இருக்கு சார்" என்றேன். "ஆனா இப்ப காட்ட முடியாது. ஒரு இணைப்பக் கழட்டணும்."

"முள் நிக்குது. நொர நிக்குது. ஆனா லீக் இருக்கு. ஒங்க கூட வந்தவரும் சேகரு மாதிரி ஆயிட்டாரு" என்று அவர் தயாளனைப் பார்த்துச் சிரித்தார். தயாளன் சிரிக்கவில்லை. "கழட்டணும் சார்" என்றான் அவனும். காலையிலிருந்து அவன் என் பக்கம் பேசிய முதல் வார்த்தை.

அடைபட்டிருந்த கேஸை வெளியே விட்டுவிட்டு, ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன். யூனியன் பிரிந்தது. உள்ளே நாம் கொடுத்த சாம்பல் நிற வாஷர் இல்லை. வேறு ஒன்று இருந்தது. கறுப்பாக, ஈரமாக, ஊதிப்போய். விரலால் எடுத்தேன். மெத்தென்று இருந்தது. ஓரம் அவ்வளவு அழகாக, பிசிறே இல்லாமல் வெட்டப்பட்டிருந்தது. புரட்டினேன். ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் மெல்லிய ரோமம் மாதிரி நார்.

தோல்.

அது காயும்போது சுருங்கும், ஈரம் பட்டால் ஊறி உப்பும். சூடான பலகைக்குப் பக்கத்தில், காலை முழுக்க வெந்து, சுருங்கி, மதியம் கேஸை விட்டிருக்கிறது. நாங்கள் சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊட்டும்போதெல்லாம் குடித்து உப்பி, வாயை மூடிக்கொண்டிருக்கிறது. நுரை தடவிய பிறகுதான் கேஜைப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த வரிசையில் பார்த்தால் அது ஒருநாளும் அகப்பட்டிருக்காது. கசிவைத் தேடி வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் அதற்கு வைத்தியம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறோம்.

"அது நான் போட்டது தம்பி" என்றார் பாஷா பாய்.

அவர் குரலில் பெருமைகூட இருந்தது, முதல் வார்த்தை வரைக்கும். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பழசு கிழிஞ்சி போச்சி. ஒங்க ஆபீசுக்குப் போன் போட்டு போன் போட்டுப் பாத்தேன், வாஷர் வரல. லைன் நிக்குதுன்னு நானே வெட்டினேன். நல்ல சோல் தோலு, எண்ணெய்ல ஊற வெச்சி. பம்ப் ஸ்டவ்வுல அதானே இருக்குது? சைக்கிள் பம்புல? இங்க கம்ப்ரஸர்ல, தண்ணி லைன்ல, எல்லாத்துலயும் நான் போட்டதுதான். ஒண்ணுகூட ஒழுகினதில்ல."

தோல் ஊரில் தோல்தான் எல்லாவற்றுக்கும் மருந்து. மேசைக் கால் ஆடினால் ஒரு துண்டு, கதவு கீல் கத்தினால் ஒரு துண்டு, குழாய் ஒழுகினால் ஒரு துண்டு. எண்ணெயும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் அது தலைமுறைக்கும் நிற்கும். அவர் அறிந்த எல்லா இடத்திலும் அது நின்றிருக்கிறது. இந்தப் பலகைக்குப் பக்கத்தில் எண்ணெய் இரண்டு நாள்கூடத் தாங்காது என்பது மட்டும் அவருக்குத் தெரிய வழி இல்லை, ஏனென்றால் நாம் சொல்லவில்லை. வாஷரையும் அனுப்பவில்லை.

"எத்தன இணைப்புல பாய்?"

அவர் மேலே பார்த்தார். ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டே பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் பார்த்த வழியே பார்த்தோம். குழாய்க்கு நேர் கீழே நீள மேசைகள். மேசையடியில், அவசரத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு தூக்கு மூடி. இந்தக் கேஸ் மேலே போகாது. தண்ணீர் மாதிரிக் கீழே இறங்கித் தரையில் தேங்கும். மழை நாளில் எல்லோரும் சாப்பிட உட்காரும் உயரத்தில்.

"போன வெள்ளி நான்தானே பத்த வெச்சேன்" என்றார் பாஷா பாய். யாரிடமும் சொல்லவில்லை. கையை நீட்டி, தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன வெள்ளிக்கிழமை காற்று பலமாக அடித்தது, ஷட்டர் இரண்டும் திறந்திருந்தன என்று சேகர் சொன்னார். அன்றைக்கு ஒன்றும் ஆகாததற்கு அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

மேனேஜர் ஒரு தோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் எதிர்பார்த்தது கோபம். பாஷா பாயைத் திட்டுவார், இல்லையென்றால் எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மேசையடியில் கிடந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேகர்தான் முதலில் பேசினார். எனக்கு அன்றைய அதிர்ச்சி எல்லாவற்றிலும் பெரியது அவர் கேட்ட கேள்வி.

"சார், அப்ப நான் நாளைக்கு வேலைக்கு வரலாமா?"

அந்த ஷெட்டில் இருந்த அத்தனை பேர் உயிரையும் இத்தனை நாளும் ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டு நின்றவர் கேட்டது அது. அனுமதி. மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "மொதல்ல போயி சாப்புடுப்பா. நீ இன்னும் சாப்புடல" என்றார்.

எங்கள் பையில் சரியான வாஷர்கள் இருந்தன. எல்லா இணைப்புகளையும் பிரித்தோம். பாஷா பாய் கூடவே நின்று, தான் வெட்டியதை ஒவ்வொன்றாகத் தானே நோண்டி எடுத்தார். யாரையும் எடுக்க விடவில்லை. பிறகு சோப்பு இல்லாமல், ஈரம் இல்லாமல், முதலில் கேஜ், முள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் நுரை. சூடு ஏறி இறங்கிய பின் இன்னொரு முறை பார்க்காமல் நாங்கள் கிளம்புவதில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். "எவ்ளோ நேரம் ஆனாலும் இருங்க" என்றார், காலையில் ஒரே வார்த்தை கேட்டவர்.

இப்போது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது என்று தெரியும். உலர்ந்த சோதனை முதலில், ஈரச் சோதனை பிறகு. இடைவேளைக்கு மெயின் வால்வை மூடு. உதிரிப்பாகம் கேட்டு போன் வந்தால் அன்றைக்கே அனுப்பு. நீ அனுப்பாத இடத்தை ஒரு நல்ல மனிதன் தன் கையில் இருப்பதை வைத்து நிரப்புவான். நாம் வந்துபோனால் புகார் மறைகிறது என்றால், நம்மைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். இவை எல்லாம் இப்போது கையேட்டில் இருக்கின்றன; அந்தப் பக்கத்தை எழுதியது தயாளன். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அவற்றுக்காக இல்லை.

விசிறியைப் போட்டு, காற்றை வெளியேற்றி, பற்ற வைக்கும் நேரம் வந்தது. பாஷா பாய் கம்பியை எடுக்கப் போனார். சேகர் அவர் கையைத் தள்ளிவிட்டுத் தானே எடுத்துக்கொண்டார். நுனியில் நெருப்பு வைத்தார். முதல் பலகையை நோக்கிக் கம்பியைத் தூக்கினார். தூக்கியவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

எதற்குப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு என் காலைப் பார்த்தேன். நான் பின்னால் போயிருந்தேன். எப்போது போனேன் என்று தெரியவில்லை. எல்லா இணைப்பையும் என் கையால் மாட்டியவன், முள் அசையவில்லை என்று என் கண்ணால் பார்த்தவன், 'இனி ஒன்றும் ஆகாது சார்' என்று மேனேஜரிடம் வாயால் சொன்னவன், நெருப்பு மேலே போனதும் கதவுப் பக்கமாக நகர்ந்திருக்கிறேன்.

சேகர் கோபப்படவில்லை. கேலியும் செய்யவில்லை.

"சார், அங்கயே நிக்கிறீங்களா, கிட்ட வர்றீங்களா?"

போனேன். அவர் தோளோடு தோள் ஒட்டி நின்றேன். சூடு முகத்தில் அடித்தது. நெருப்பு பலகையின் ஓரத்தைத் தொட்டது. நீலமாக ஓடி, மெல்ல ஆரஞ்சாகப் பழுத்தது. அடுத்த பலகைக்கு நடந்தார். கூடவே நடந்தேன். கடைசிப் பலகை வரைக்கும்.